சர்க்கரை நோய் தணியுமா? கல்லீரல், கணையம், இரண்டு சுழற்சிகள்: ஒரு எளிய விளக்கம்

சர்க்கரை நோய் வந்துவிட்டால் சாகும்வரை போகாது என்று ஒரு பக்கம் சொல்கிறார்கள். முப்பதே நாளில் வேரோடு போய்விடும் என்று இன்னொரு பக்கம் காணொளி மேல் காணொளியாக வருகிறது. இரண்டையும் கேட்டுக் குழம்பி, மாத்திரையைத் திடீரென்று நிறுத்திவிட்டு அவசர சிகிச்சைப் பிரிவில் போய்ச் சேருகிறவர்கள் இருக்கிறார்கள். நோய் தெரிந்த முதல் வருடத்திலேயே, இனி நம் கையில் ஒன்றுமில்லை என்று ஓய்ந்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு இரண்டாவது கூட்டத்தைப் பற்றித்தான் அதிகக் கவலை. ஏனென்றால் எதையாவது செய்து பலன் காணக்கூடிய காலம் அந்த முதல் சில வருடங்கள்தான்.

இதில் எது உண்மை என்பதை ஆட்களை வைத்து, அளந்து பார்த்து எழுதியிருக்கிறார்கள். இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராய் டெய்லரும் அவருடைய குழுவும் 2008இலிருந்து வெளியிட்டுவரும் ஆய்வுகள் இந்தக் கேள்வியைச் சுற்றியவை. அவற்றின் சாரத்தை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

முதலிலேயே ஒரு எல்லைக்கோடு. இங்கே பேசப்போவது, பெரும்பாலோருக்கு வரும் வகையான டைப் 2 நீரிழிவை மட்டும். டைப் 1 என்பது, உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே இன்சுலின் சுரக்கும் செல்களைத் தாக்கி அழிக்கும் வேறு நோய். அவர்களுக்கு இன்சுலின்தான் உயிர். இந்தக் கட்டுரையில் வரும் எதுவும் அவர்களுக்குப் பொருந்தாது.

## இரவு சாப்பிடாத சர்க்கரை காலையில் எப்படி வந்தது?

நோயாளிகள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வியிலிருந்தே தொடங்கலாம். "ராத்திரி ஒன்றுமே சாப்பிடவில்லை. காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் 180 காட்டுகிறது. எங்கிருந்து வந்தது?"

கல்லீரலிலிருந்து வந்தது.

பெரியவர் ஒருவரின் உடலில் ஓடும் ரத்தம் ஏறக்குறைய 5 லிட்டர். 100 மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் சர்க்கரை என்றால், மொத்த ரத்தத்திலும் சேர்த்து இருப்பது 5 கிராம். ஒரு தேக்கரண்டிக்குள் அடங்கிவிடும். அளவு 200 ஆனாலும் 10 கிராம்தான். இவ்வளவு சின்ன இருப்பை மூளையும் மற்ற உறுப்புகளும் நிமிடத்துக்கு நிமிடம் எடுத்துக்கொண்டே இருக்கின்றன. மூளை மட்டும் மணிக்குச் சுமார் 5 கிராம் கேட்கும். இரவெல்லாம் யாராவது ஊற்றிக்கொண்டே இருந்தால்தான் கட்டுப்படியாகும்.

அப்படி ஊற்றுவது கல்லீரலின் வேலை. 70 கிலோ எடையுள்ள ஒருவரின் கல்லீரல் இரவில் மணிக்குச் சுமார் 8 கிராம் சர்க்கரையை ரத்தத்தில் விடுகிறது. இது குறைபாடு ஒன்றுமில்லை. இது நடக்காவிட்டால் தூக்கத்திலேயே மயங்கிவிடுவோம்.

இந்தக் குழாயைத் தேவைக்கேற்பத் திருகி மூடும் கைதான் இன்சுலின். கணையத்தில் இருக்கும் பீட்டா செல்கள் சுரக்கும் ஹார்மோன் அது. சாப்பிட்டவுடன் இன்சுலின் ஏறும். "வெளியிலிருந்து சர்க்கரை வருகிறது, நீ நிறுத்து" என்ற செய்தி கல்லீரலுக்குப் போகும். உணவிலிருந்து வந்த சர்க்கரையைத் தசைகளுக்குள் சேர்ப்பதும் இன்சுலின்தான்.

கை திருகியும் குழாய் மூடாத நிலைக்குப் பெயர் இன்சுலின் எதிர்ப்பு. இன்சுலின் இருக்கிறது, ஆனால் உறுப்பு அதன் பேச்சைக் கேட்பதில்லை. கல்லீரல் கேட்காமல் போனால் இரவு முழுக்கச் சர்க்கரை தேவைக்கு மேல் கொட்டும். காலையில் 180.

சுருக்கமாக: வெறும் வயிற்றுச் சர்க்கரை என்பது முந்தின இரவு சாப்பாட்டின் கணக்கைவிடக் கல்லீரலின் நிலையைத்தான் அதிகம் காட்டுகிறது. ஆகவே, கல்லீரல் ஏன் இன்சுலினின் பேச்சைக் கேட்காமல் போகிறது என்பதுதான் அடுத்த கேள்வி.

## பரண் நிறைந்துவிட்டால்

வீட்டில் சாமான் சேர்ந்துகொண்டே போகிறது. பரணில் இடம் இருக்கும்வரை தொந்தரவில்லை. பரண் நிறைந்தால் சாமான் கூடத்துக்கு இறங்கும். பிறகு அடுப்படிக்கும் வரும். அப்புறம் அங்கே சமைக்க முடியாது. சாமான் கெட்டதல்ல, இருக்கிற இடம்தான் தப்பு.

கொழுப்பும் அப்படித்தான். செலவழிக்காமல் மிஞ்சும் சக்தியைத் தோலுக்கு அடியில் கொழுப்பாக வைப்பதுதான் உடலின் பரண். அங்கே இருக்கும்வரை பெரிய கெடுதி இல்லை. அந்த இடம் நிறைந்த பிறகு கொழுப்பு, தான் இருக்கக் கூடாத உறுப்புகளுக்குள் போகிறது. முதல் இடம் கல்லீரல். பெரும்பாலும் ஸ்கேன் எடுக்கும்போது "கொழுப்புக் கல்லீரல்" என்று எழுதிக் கொடுப்பது இதைத்தான்.

யாருடைய பரண் எவ்வளவு பெரியது என்பது ஆளுக்கு ஆள் மாறும். 120 கிலோவில் ஒருவருக்குச் சர்க்கரை இயல்பாக இருக்கிறது; 65 கிலோவில் இன்னொருவருக்கு நோய் வருகிறது. டெய்லரும் ஆக்ஸ்ஃபோர்டின் ரூரி ஹோல்மனும் 2015இல் இதற்கு வைத்த பெயரைத் தமிழில் "தனிநபர் கொழுப்பு வரம்பு" எனலாம். ஒருவருடைய உடல், கெடுதியில்லாமல் தாங்கக்கூடிய கொழுப்பின் அளவு. அதைத் தாண்டினால், எடை இயந்திரத்தில் அவர் "சரியான எடை" என்று காட்டினாலும் அவருடைய கல்லீரலுக்கு அது அதிகம்தான்.

## இரட்டைச் சுழற்சி

2008இல் டெய்லர் முன்வைத்த கருதுகோளின் பெயர் இதுதான். அதற்குத் தூண்டுகோலாக இருந்தது ஒரு புதிர். உடல் பருமனுக்காக வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட டைப் 2 நோயாளிகளுக்கு, எடை பெரிதாகக் குறைவதற்கு முன்பே, சில நாட்களில் சர்க்கரை இயல்புக்கு வந்துவிடுகிறது. குடலை மாற்றியமைத்ததால் சுரக்கும் ஹார்மோன்கள்தான் காரணம் என்று பலர் நினைத்தார்கள். டெய்லர் வேறு மாதிரி யோசித்தார்: அறுவை சிகிச்சை முடிந்தவர் திடீரென்று மிகக் குறைவாகச் சாப்பிடுகிறார். காரணம் அதுவாகவே இருக்கலாமே?

முதல் சுழற்சி கல்லீரலில். பல வருடங்களாக மிஞ்சிய சக்தி கல்லீரலில் கொழுப்பாகச் சேர்கிறது. கொழுப்பு சேர்ந்த கல்லீரல் இன்சுலினின் பேச்சைக் கேட்பதில்லை. சர்க்கரையை அதிகமாக விடுகிறது. அதைச் சமாளிக்கக் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரக்கிறது. சிக்கல் இங்கேதான். சர்க்கரையை நிறுத்து என்ற கட்டளைக்குச் செவிசாய்க்காத அதே கல்லீரல், இன்சுலினின் இன்னொரு கட்டளையை, அதாவது சர்க்கரையைக் கொழுப்பாக மாற்று என்பதை, ஒழுங்காக நிறைவேற்றுகிறது. ஆக, இன்சுலின் கூடக் கூடக் கல்லீரலில் கொழுப்பு கூடுகிறது. கொழுப்பு கூடினால் இன்சுலின் இன்னும் தேவைப்படுகிறது. தன்னைத் தானே சுழற்றிக்கொள்ளும் சக்கரம் இது.

இரண்டாவது சுழற்சி கணையத்தில். கொழுப்பு நிறைந்த கல்லீரல், மிஞ்சிய கொழுப்பை ட்ரைகிளிசரைடு என்ற வடிவில் ரத்தத்தில் அனுப்புகிறது. அது மற்ற உறுப்புகளுக்கும் கணையத்துக்கும் போய்ச் சேர்கிறது. பீட்டா செல்களுக்கு நீண்டகாலக் கொழுப்பு ஆகாது. சாப்பிட்டவுடன் முதல் பத்து நிமிடங்களுக்குள் சுரக்கவேண்டிய இன்சுலினின் வேகமான முதல் அலை மங்குகிறது. சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறுகிறது. அதைச் சமாளிக்க மறுபடி இன்சுலின். மறுபடி கல்லீரலில் கொழுப்பு. இரண்டு சக்கரமும் பல்லோடு பல் பொருந்தி ஒன்றையொன்று ஓட்டுகின்றன. ஒருநாள் கணையம் ஈடுகொடுக்க முடியாமல் போகும்போது பரிசோதனைச் சீட்டில் "நீரிழிவு" என்று வருகிறது. சக்கரம் சுற்றத் தொடங்கி அதற்குள் பல வருடங்கள் ஆகியிருக்கும்.

சுருக்கமாக: கொழுப்பு இடம் மாறிக் கல்லீரலுக்குப் போகிறது, அங்கிருந்து கணையத்துக்குப் போகிறது. கருதுகோள் சரியென்றால், கொழுப்பை வெளியேற்றினால் இரண்டு சக்கரமும் பின்னோக்கிச் சுற்றவேண்டும். அதைச் செய்துதான் பார்க்கவேண்டும்.

## 11 பேர், 8 வாரம்

2011இல் வெளியான அந்தச் சோதனையின் பெயர் கவுன்டர்பாயின்ட். நோய் வந்து நான்கு வருடத்துக்குள் இருந்த 11 பேர். அறுவை சிகிச்சை இல்லை. திரவ உணவும் மாவுச்சத்து இல்லாத காய்கறிகளுமாக நாளுக்குச் சுமார் 600 கலோரி, 8 வாரம். மாத்திரைகள் நிறுத்தப்பட்டன. கல்லீரலிலும் கணையத்திலும் இருக்கும் கொழுப்பை எம்.ஆர்.ஐ. மூலம் அளந்தார்கள். கணையத்தின் கொழுப்பை உயிரோடிருக்கும் மனிதரில் இவ்வளவு துல்லியமாக அளக்கும் முறையை அந்தக் குழுவே உருவாக்கவேண்டியிருந்தது.

முதல் 7 நாளிலேயே வெறும் வயிற்றுச் சர்க்கரை சராசரியாக 166இலிருந்து 106 மில்லிகிராமுக்கு இறங்கியது. அதே ஒரு வாரத்தில் கல்லீரல் கொழுப்பு 30 சதவீதம் குறைந்திருந்தது. 8 வாரத்தில் அது சுமார் 13 சதவீதத்திலிருந்து 3 சதவீதத்துக்கு வந்தது. எடைக் குறைவு சராசரி 15 கிலோ.

கணையம் மெதுவாக வந்தது. கொழுப்பு 8 சதவீதத்திலிருந்து சுமார் 6 சதவீதத்துக்குக் குறைய 8 வாரமும் பிடித்தது. குறைந்த கொழுப்பின் எடை ஒரு கிராம் அளவுதான். ஆனால் மங்கிக் கிடந்த அந்த முதல் அலை, 8 வார முடிவில் இயல்பை நெருங்கியிருந்தது. பீட்டா செல்கள் செத்துவிட்டன என்று பாடப்புத்தகங்கள் சொல்லிவந்த இடத்தில், அவற்றில் கணிசமான பங்கு செயலிழந்து கிடந்ததே தவிர உயிரோடுதான் இருந்தது. 11 பேர் கொண்ட சின்ன ஆய்வு முக்கியமாவது இதனால்தான்.

## சாதாரண மருத்துவமனைகளில் நடக்குமா?

ஆய்வுக்கூடத்தில் ஆர்வமுள்ள 11 பேரை வைத்துச் செய்வது வேறு, ஊர்ப் பொது மருத்துவரிடம் வருகிறவர்களுக்குச் செய்வது வேறு. அதற்காக, கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் மைக்கேல் லீனோடு சேர்ந்து நடத்திய ஆய்வுதான் டைரக்ட். ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்தின் டைன்சைடு பகுதியிலும் 49 பொது மருத்துவ நிலையங்கள், 20 முதல் 65 வயதுக்குட்பட்ட 306 பேர், நோய் கண்டறிந்து 6 வருடத்துக்கு உட்பட்டவர்கள், இன்சுலின் போடாதவர்கள், உயரத்துக்கு ஏற்ற எடையைக் குறிக்கும் பி.எம்.ஐ. எண் 27 முதல் 45 வரை.

முறை மூன்று கட்டம். முதல் 3 முதல் 5 மாதம் வழக்கமான உணவு முழுக்க நிறுத்தப்பட்டு, சத்துகள் அளந்து சேர்த்த சூப், பானம் மட்டும். நாளுக்கு 825 முதல் 853 கலோரி. சர்க்கரை மாத்திரையும் ரத்த அழுத்த மாத்திரையும் முதல் நாளே, மருத்துவர் கண்காணிப்பில், நிறுத்தம். அடுத்து 2 முதல் 8 வாரத்தில் ஒவ்வொரு வேளையாக வழக்கமான உணவு திரும்புகிறது. மூன்றாவது கட்டம், எடை திரும்பாமல் பார்த்துக்கொள்வது. மாதம் ஒருமுறை ஆலோசனை. 2 கிலோ திரும்பி ஏறினாலே மறுபடி தினமும் ஓரிரு வேளைக்கு மாற்று உணவு. 4 கிலோ ஏறினால் நான்கு வாரம் முழு மாற்று உணவு. நடைப்பயிற்சியை எடை குறைக்கும் கட்டத்தில் கூட்டச் சொல்லவில்லை, உணவு திரும்பும் கட்டத்தில்தான் கூட்டினார்கள். கடுமையான உணவுக் குறைப்போடு புதிதாக உடற்பயிற்சியும் சேர்ந்தால் பசி கூடி, எடுத்த முயற்சி வீணாகப்போவது பலருக்கு நடப்பது.

2017 டிசம்பரில் வந்த முதல் வருட முடிவு: இந்த முறையைப் பின்பற்றியவர்களில் 46 சதவீதம் பேருக்கு நோய் தணிந்தது, அதாவது மருந்தில்லாமலே சர்க்கரை நீரிழிவு அளவுக்குக் கீழே இறங்கியது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 4 சதவீதம். ஆனால் என்னைக் கேட்டால், படித்து மனதில் வைக்கவேண்டியது எடை வாரியான கணக்கைத்தான். எடை கூடியவர்களில் ஒருவருக்குக்கூடத் தணியவில்லை. 5 கிலோவுக்குள் குறைந்தவர்களில் 7 சதவீதம். 5 முதல் 10 கிலோ குறைந்தவர்களில் 34. 10 முதல் 15 கிலோவில் 57. 15 கிலோவும் அதற்கு மேலும் குறைந்தவர்களில் 86 சதவீதம். படிப்படியாக ஏறும் இந்த வரிசைதான் "எந்தக் கஷாயம், எந்தப் பொடி" என்ற சண்டைக்கெல்லாம் பதில். வேலை செய்தது எடைக் குறைவு.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாகவேண்டும். இரண்டாம் வருட முடிவில் தணிவில் இருந்தவர்கள் 36 சதவீதம். ஆய்வை நீட்டித்துத் தொடர்ந்து பின்தொடரப்பட்டவர்களில், ஐந்தாம் வருடம் தணிவில் இருந்தவர்கள் 13 சதவீதம். பெரும்பாலும் எடை திரும்பியது, நோயும் கூடவே திரும்பியது. நோய் திரும்பியவர்களைப் பரிசோதித்தபோது ரத்தத்தில் ட்ரைகிளிசரைடும் கணையத்தில் கொழுப்பும் மறுபடி ஏறியிருந்தன. அதே சக்கரம், அதே திசை. இந்த 13ஐ மறைத்து 46ஐ மட்டும் சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

## ஒல்லியாக இருப்பவர்களுக்கு?

"நான் குண்டே இல்லையே, நான் எதைக் குறைக்க?" என்பது நியாயமான கேள்வி. அதற்காகவே நடந்த ரீட்யூன் ஆய்வு 2023இல் வெளியானது. பி.எம்.ஐ. 27க்குக் கீழ், சராசரி சுமார் 25 உள்ள 20 பேர். 2 முதல் 4 வாரம் நாளுக்கு 800 கலோரி, பிறகு 4 முதல் 6 வாரம் எடையை அப்படியே நிறுத்தல். தேவைப்பட்டால் மூன்று சுற்று வரை. 20இல் 14 பேருக்கு நோய் தணிந்தது. தணிவதற்குத் தேவைப்பட்ட எடைக் குறைவு சராசரியாக 6.5 சதவீதம். 70 கிலோ உள்ளவருக்கு அது நாலரை கிலோ.

பருமனானவருக்கு 15 கிலோ, ஒல்லியானவருக்கு 5 கிலோவுக்கும் குறைவு என்றால் முரண்பாடாகத் தோன்றும். பரண் உவமையை நினைத்தால் விளங்கிவிடும். அவரவர் வரம்புக்குக் கீழே இறங்குவதுதான் கணக்கு. மற்றவரின் எடையோடு ஒப்பிடுவதில் பொருளில்லை.

## தணிவு என்ற சொல்லின் சரியான பொருள்

ஆங்கிலத்தில் ரெமிஷன் என்று சொல்வதைத்தான் இங்கே தணிவு என்கிறோம். 2021இல் சர்வதேச நீரிழிவு அமைப்புகள் கூடி இதற்கு ஒரு வரையறை தந்தன: சர்க்கரையைக் குறைக்கும் எல்லா மருந்தையும் நிறுத்திக் குறைந்தது 3 மாதம் ஆன பிறகும் ஹெச்பிஏ1சி 6.5 சதவீதத்துக்குக் கீழே இருக்கவேண்டும். ஹெச்பிஏ1சி என்பது சிவப்பணுக்களில் ஒட்டியிருக்கும் சர்க்கரையின் அளவு. சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்வதால், அது கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைச் சொல்கிறது.

இந்த வரையறையை வைத்துக்கொண்டால் நிறையக் குழப்பம் தீரும். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே 6.2 வந்தால் அது நல்ல கட்டுப்பாடு, தணிவு ஆகாது. மாத்திரையை நிறுத்தி ஒரு வாரத்தில் விரலில் குத்திப் பார்த்து 98 வந்தால் அதுவும் தணிவு ஆகாது. மாவுச்சத்தை அறவே ஒதுக்கியதால் சர்க்கரை ஏறாமல் இருக்கிறது, ஆனால் எடை இறங்கவில்லை என்றால், கல்லீரலில் கொழுப்பு அப்படியே இருக்கலாம். மாவுச்சத்து திரும்பும் நாளில் எண் திரும்பும். "குணமாகிவிட்டது" என்ற சொல்லை ஆய்வாளர்கள் தவிர்ப்பதும் இதனால்தான். வரம்பு அதே இடத்தில்தான் இருக்கிறது. தாண்டினால் மறுபடி வரும்.

எல்லோருக்கும் தணிவதுமில்லை. நோய் வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆனவர்களில் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. நீண்ட காலம் கொழுப்பிலும் சர்க்கரையிலும் ஊறிய பீட்டா செல்கள் தம் வேலையையே மறந்துபோகின்றன. அவற்றைத் திருப்புவது கடினம். நன்றாக எடை குறைத்தும் தணியாத ஒருவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. அப்போதும் மாத்திரை குறையும், இதயத்துக்கும் கல்லீரலுக்கும் நன்மை உண்டு.

## வீட்டில் தனியாகத் தொடங்கினால் எங்கே தவறும்?

800 கலோரி உணவுமுறையை மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்கக் கூடாது. காரணம் மருந்துகள். கிளிமெபிரைடு, கிளிக்ளசைடு போன்ற மாத்திரைகள் உணவு வந்தாலும் வராவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். பழைய அளவு மாத்திரையோடு சாப்பாட்டை மட்டும் குறைத்தால் சர்க்கரை 70க்குக் கீழே சரிந்து வியர்வை, நடுக்கம், மயக்கம் வரும். இன்சுலின் போடுகிறவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் போன்றவை சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றுபவை. இவற்றை எடுத்துக்கொண்டே பட்டினிக்கு நெருக்கமாகச் சாப்பிட்டால் ரத்தத்தில் கீட்டோன் அமிலங்கள் பெருகும் ஆபத்து உண்டு. அதில் மோசமான விஷயம், சர்க்கரை எண் இயல்பாகவே காட்டிக்கொண்டிருக்கும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சுவாங்கல் மட்டுமே துப்பு. எடை இறங்கும்போது ரத்த அழுத்தமும் இறங்குவதால், பழைய அளவு அழுத்த மாத்திரையைத் தொடர்கிறவர் எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழலாம்.

மலச்சிக்கல், தலைவலி, குளிர்வது போன்ற உணர்வு முதல் வாரங்களில் சகஜம். நாளுக்கு 2 லிட்டருக்குக் குறையாமல் நீர் குடித்தால் பெரும்பாலும் அடங்கும். சிறுநீரகம் அல்லது இதயம் பாதிக்கப்பட்டவர்களுக்கு இந்த நீரளவையும் மருத்துவர்தான் சொல்லவேண்டும். வேகமாக எடை குறையும்போது பித்தப்பையில் கல் உருவாகவும், யூரிக் அமிலத்தால் வரும் கீல்வாதம் (கவுட்) உள்ளவர்களுக்கு வலி கிளம்பவும் வாய்ப்பு உண்டு. கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள், உணவுக் கோளாறு இருந்தவர்கள் இதில் இறங்கவே கூடாது.

விழித்திரைப் பரிசோதனையைத் தொடங்குவதற்கு முன்பே செய்துகொள்ள வேண்டும். ஏற்கெனவே விழித்திரை பாதிக்கப்பட்டிருந்தால், பல வருடம் உயரத்தில் இருந்த சர்க்கரை திடீரென்று இறங்கும்போது அந்தப் பாதிப்பு தற்காலிகமாக மோசமாகலாம். தணிவு வந்த பிறகும் ஹெச்பிஏ1சியை வருடத்துக்கு ஒருமுறையாவது பார்க்கவேண்டும். கண், பாதம், சிறுநீரகப் பரிசோதனைகளையும் நிறுத்தக் கூடாது. நோய் இருந்த வருடங்களில் நுண்ணிய ரத்தக்குழாய்களுக்கு ஏற்பட்ட சேதம், சர்க்கரை இறங்கிய பின்னும் வெளிப்படக்கூடும். "சர்க்கரை இல்லை" என்று யாராவது நோயாளியின் பதிவேட்டிலிருந்து நீரிழிவு என்ற சொல்லையே அடித்துவிட்டால், இந்தப் பரிசோதனைகளுக்கான வருடாந்திர அழைப்பும் நின்றுபோகும். "நீரிழிவு, தணிவில் உள்ளது" என்று எழுதச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.